மாணவராகவே வாழ்ந்த தலைமைக் கட்டடக் கலைஞர் சினான்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஆண்டறிக்கையோடு வெளிவரும் இம்மலரில், தொழிலில் தேர்ச்சி பெறுவதும் பொறுப்பில் உயர்வதும் எவ்வாறு என்பதைப் பற்றி எழுத நாம் எண்ணியபோது, அறிவுரைகளை அடுக்குவதைவிட ஒரு மனிதரின் வாழ்வை எடுத்துரைப்பதே பயன் தரும் என்று தோன்றியது. அறிவுரையைக் கேட்ட மாத்திரத்தில் மறந்துவிடுகிறோம். வாழ்ந்து காட்டியவரின் வரலாறோ உள்ளத்தில் தங்கிவிடுகிறது.

உஸ்மானியப் பேரரசில் நாற்பத்தொன்பது ஆண்டுகள் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய சினான் அவர்களின் வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம். துருக்கி மக்கள் அவரை மிஃமார் சினான் என்று அழைக்கின்றனர். மிஃமார் என்னும் அரபுச் சொல்லுக்குக் கட்டடம் கட்டுபவர் என்பது பொருள். பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், மருத்துவமனைகள், பாலங்கள், நீர்க்கால்வாய்கள், குளியலகங்கள், பயணியர் விடுதிகள் என நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அவருடைய பொறுப்பில் எழுந்தன அல்லது புதுப்பிக்கப்பட்டன. எனினும் அந்த எண்ணிக்கையைக் கண்டு வியப்பதற்காக நாம் இதனை எழுதவில்லை. ஐம்பது வயதில் ஒரு பதவிக்கு வந்தவர், எண்பது வயதைத் தாண்டிய பின்னரே தம்முடைய தலைசிறந்த படைப்பைத் தந்தார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதே நாம் அறிய வேண்டிய செய்தியாகும்.

சிற்றூரிலிருந்து தலைநகருக்கு

அனதோலியாவின் நடுப்பகுதியில் கைசேரி என்னும் நகரம் இருக்கிறது. அதனருகே உள்ள அகிர்னாஸ் என்னும் சிற்றூரில், 1490ஆம் ஆண்டை ஒட்டி, ஒரு கிறித்தவக் குடும்பத்தில் சினான் பிறந்தார். அவ்வூர்ப் பகுதி கல்லுக்குப் பெயர் பெற்றது. மென்மையான பாறைகளைக் குடைந்து வீடும் கிடங்கும் அமைப்பது அங்குள்ளோரின் பழைய வழக்கம். கல்லின் இயல்பை அவர் சிறுவயதிலேயே கண்ணால் கண்டு வளர்ந்தார் என்று கொள்ளலாம்.

அக்காலத்தில் உஸ்மானிய அரசு, கிறித்தவக் குடிகளின் பிள்ளைகளைத் திரட்டிச் சென்று, இஸ்லாத்தில் சேர்த்து, பயிற்சி அளித்து, படையிலும் நிர்வாகத்திலும் அமர்த்தும் முறை ஒன்றைக் கையாண்டது. சுல்தான் முதலாம் சலீம் ஆட்சியில், 1512ஆம் ஆண்டை ஒட்டி, சினான் அவ்வாறு கொண்டுவரப்பட்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. இம்முறையை நாம் புகழ்ந்து எழுத இயலாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிப்பது அவர்களுக்கு எத்தகைய துயரத்தைத் தந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றோர் அறிவர். ஆனால் தமக்கு நேர்ந்த நிலையில் சினான் அவர்கள் தம்மை எவ்வாறு உருவாக்கிக்கொண்டார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பயிற்சிக் காலத்தில் அவர் தச்சுத் தொழிலைக் கற்றார். உளியும் வாளும் பிடித்து, மரத்தை அளந்து அறுத்து, பொருத்தி நிறுத்தும் வேலையே அவருடைய முதற்பாடம். பிற்காலத்தில் அவர் எழுப்பிய பெருங்குவிமாடங்கள் யாவும், கட்டப்படும்போது மரச்சாரத்தின் மீதுதான் நின்றன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். சாரம் பிசகினால் குவிமாடம் பிசகும். தச்சரின் கையறிவு அவருக்கு இறுதிவரை துணை நின்றது.

பட்டறையும் படையும்

பயிற்சி முடிந்தபின் சினான் அவர்கள் ஜானிஸ்ஸரி எனப்பட்ட சுல்தானின் காலாட்படையில் சேர்ந்தார். 1520ஆம் ஆண்டில் சுல்தான் சுலைமான் ஆட்சிக்கு வந்தார். 1521இல் பெல்கிரேடு, 1522இல் ரோட்ஸ் தீவு, 1526இல் ஹங்கேரியின் மொஹாச் என அடுத்தடுத்து நடந்த படையெடுப்புகளில் சினான் கலந்துகொண்டு, படிப்படியாக உயர்ந்தார்.

படை செல்லும் வழியில் ஆறு குறுக்கிட்டால் பாலம் வேண்டும். கோட்டையைத் தகர்க்க வேண்டுமாயின், அக்கோட்டை எவ்வாறு கட்டப்பட்டது, அதன் பலவீனம் எங்கே என்பது தெரிய வேண்டும். இவ்விரண்டையும் சினான் அவர்கள் களத்திலேயே கற்றார். ஒரு கட்டடம் எவ்வாறு விழுகிறது என்பதைக் கண்டவருக்கு, அது எவ்வாறு நிற்கும் என்பதும் விளங்கிவிடுகிறது. மேலும், போகும் ஊர்தோறும் அங்குள்ள பழைய கட்டடங்களை அவர் கூர்ந்து பார்த்தார். பால்கன் நாடுகள் முதல் தப்ரீஸ், பக்தாத் வரை அவர் கண்கள் கண்டவை ஏராளம். அவரோடு சென்ற படைவீரர் பல்லாயிரவர் அதே வழியில் அதே கட்டடங்களைக் கடந்து சென்றிருப்பர். கற்கும் நோக்கத்துடன் பார்த்தவருக்கே அப்பயணம் பாடசாலையாக அமைந்தது.

1534ஆம் ஆண்டில் தொடங்கிய பக்தாத் படையெடுப்பின்போது, வான் ஏரியின் மறுகரையிலுள்ள நிலைமையை அறிய வேண்டிய தேவை ஏற்பட்டது. லுத்ஃபி பாஷா என்னும் தளபதி அப்பொறுப்பைச் சினானிடம் ஒப்படைத்தார். கப்பல் கட்டும் துறையோ, தேர்ந்த கப்பல் தச்சரோ இல்லாத அவ்விடத்தில், கிடைத்த பொருள்களைக் கொண்டு மூன்று கப்பல்களைக் கட்டி, ஏரியைக் கடந்து செய்தி அறிந்து வந்தார். பின்னர் 1538ஆம் ஆண்டின் மால்டாவியப் படையெடுப்பில், புரூத் ஆற்றின் சதுப்பான கரையில் பாலம் கட்டும் முயற்சிகள் சேற்றில் புதைந்து வீணாயின. அவ்வேலை சினானிடம் வந்தது. இரு வாரங்களுக்குள் அவர் பாலத்தை முடித்துக் கொடுத்தார், படை கடந்து சென்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். அவர் பதவி கேட்டுச் செல்லவில்லை. தம்முடைய கடமைக்கு அப்பாற்பட்ட வேலை வந்தபோது, இது என் வேலையன்று என ஒதுங்கவுமில்லை. செய்து முடித்துக் காட்டினார். அதனைக் கண்டவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். 1539ஆம் ஆண்டில், தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த அஜம் அலீ என்பவர் மறைந்தபின் அவ்விடம் வெறுமையாக இருந்தது. அப்போது முதலமைச்சராக உயர்ந்திருந்த லுத்ஃபி பாஷா, அப்பதவிக்குச் சினானின் பெயரையே முன்மொழிந்தார்.

ஐம்பதாம் வயதில் ஒரு தொடக்கம்

படைத்துறையில் நல்ல நிலையை எட்டியிருந்த சினானுக்கு அதனை விட்டு வருவது எளிதாக இருக்கவில்லை. தோழர்களையும் பழகிய வழியையும் பிரிய வேண்டுமே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. ஆயினும் பல பள்ளிவாசல்களைக் கட்டும் நற்பேறு கிடைக்கும் என்ற எண்ணத்தில் அதனை ஏற்றதாக, முதுமையில் தம் நண்பரும் கவிஞருமான ஸாயீ முஸ்தஃபா அவர்களிடம் அவர் கூறிப் பதிவு செய்துள்ளார். அப்போது அவர் வயது ஏறத்தாழ ஐம்பது.

நம் காலத்தில் ஐம்பது வயதானவர் இனி நமக்கு எதற்குப் புதிய வேலை என்று கருதுகிறார். இளைஞரோ ஒரு சான்றிதழ் கையில் கிடைத்தவுடன் கல்வி முடிந்துவிட்டது என்று கருதுகிறார். மத்ரஸாவில் ஸனது பெறும் மாணவருக்கு உஸ்தாதுமார்கள் வழக்கமாகச் சொல்லியனுப்புவது, ஓதல் இனிமேல்தான் தொடங்குகிறது என்பதே. சினான் அவர்களின் வாழ்வு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மூன்று பள்ளிவாசல்கள், மூன்று படிகள்

சினான் அவர்களின் வளர்ச்சியை மூன்று பெரும் பள்ளிவாசல்களைக் கொண்டு அளப்பது வழக்கம். இஸ்தான்புல்லின் ஷஹ்சாதா பள்ளிவாசல் அவர் தொழில் பழகிய காலத்தது என்றும், சுலைமானியா அவர் கைதேர்ந்த காலத்தது என்றும், எதிர்னே நகரின் சலீமிய்யா அவர் ஆசான் நிலையை அடைந்த காலத்தது என்றும் கூறுவர். இவ்வாறு தரம் பிரித்தவர் சினான் அவர்களே என்று அவர் வழிவந்தோர் சொல்லி வருகின்றனர்.

முதலாவதைக் காண்போம். 1543ஆம் ஆண்டில் சுல்தான் சுலைமானின் அருமை மைந்தர் இளவரசர் முஹம்மது இறந்தார். அவர் நினைவாக எழுந்ததே ஷஹ்சாதா பள்ளிவாசல். 1548இல் அது நிறைவுற்றது. 19 மீட்டர் அகலமுள்ள நடுக்குவிமாடத்தை நான்கு புறமும் நான்கு அரைக்குவிமாடங்கள் தாங்குகின்றன. எப்பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே ஒழுங்கு. பிற கலைஞர் எவரும் இதனையே தம் வாழ்நாள் சாதனையாகக் கொண்டிருப்பர். ஆனால் சினான் அவர்கள் அதே அமைப்பைத் தம் பெரிய பள்ளிவாசல்களில் திரும்பக் கையாளவில்லை. பாராட்டுப் பெற்ற ஒன்றை மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருப்பது எளிது. அவர் அந்த எளிய வழியில் செல்லவில்லை.

1550இல் சுலைமானியாவின் வேலை தொடங்கி, 1557இல் நிறைவுற்றது. குவிமாடத்தின் அகலம் 26.5 மீட்டர், உயரம் 53 மீட்டர். இத்துணைப் பெரிய குவிமாடம் தன் பாரத்தால் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அதனைத் தடுக்கப் பருத்த தாங்குசுவர்கள் வேண்டும். அவை வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அழகு கெடும், உள்ளே வந்தால் தொழுமிடம் குறையும். சினான் அவர்கள் அவற்றின் ஒரு பகுதியை உள்ளேயும் ஒரு பகுதியை வெளியேயுமாக அமைத்து, நடுவே தூண்வரிசைகளையும் மாடங்களையும் வைத்து, தாங்குசுவர் இருப்பதே கண்ணுக்குப் புலப்படாதவாறு செய்தார். ஓதுவோரின் குரல் எங்கும் சீராகக் கேட்பதற்காகக் குவிமாடத்தினுள் வெற்றுக் குடங்களைப் பதித்தார். எண்ணெய் விளக்குகளின் புகை சுவர்களில் படியாமல், வாயிலின் மேலுள்ள ஓர் அறையில் சென்று சேருமாறு காற்றோட்டத்தை அமைத்தார். அங்குச் சேர்ந்த கரியிலிருந்து எழுதும் மை தயாரிக்கப்பட்டது.

மூன்றாவது, சுல்தான் இரண்டாம் சலீமுக்காக எதிர்னேயில் கட்டிய சலீமிய்யா. 1568ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய வேலை 1575இல் திறப்பு விழாக் கண்டது. குவிமாடத்தின் அகலம் ஏறத்தாழ 31 மீட்டர். ஆயிரம் ஆண்டுகளாக எவரும் எட்ட இயலாதது என்று கருதப்பட்ட அயா சோஃபியாவின் குவிமாடத்திற்கு நிகரான அளவு அது. எட்டுத் தூண்கள் அதனைத் தாங்குகின்றன. அவை சுவர்களை ஒட்டி ஒதுங்கி நிற்பதால் நடுவிடம் முழுவதும் திறந்து கிடக்கிறது.

இமாமத் பணியில் இருக்கும் நாம் இதன் அருமையை நன்கு உணர்கிறோம். தொழுகையில் ஸஃபுகள் இடையறாது சேர்ந்து நிற்க வேண்டும். நடுவே பெருந்தூண்கள் வந்தால் ஸஃபு அறுந்துபோகிறது, பின்னால் நிற்பவருக்கு மிஹ்ராபும் மிம்பரும் மறைந்துவிடுகின்றன. ஷஹ்சாதா பள்ளிவாசலில் நான்கு பெருந்தூண்கள் தொழுமிடத்தின் நடுவே நிற்கின்றன. சலீமிய்யாவில் அத்தடை நீங்கி, ஜமாஅத் முழுவதும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக நிற்கிறது. கட்டடத்தின் அழகு அதன் பயனோடு இணைந்து வளர்ந்ததை இங்குக் காண்கிறோம்.

இந்த எட்டுத் தூண் அமைப்பு ஒரே நாளில் உதித்ததன்று. எதிர்னேயில் அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே கட்டப்பட்டிருந்த ஊச் ஷரஃபலி பள்ளிவாசலின் ஆறு தூண் அமைப்பை அவர் ஆராய்ந்தார். அதே முறையைச் சிறிய பள்ளிவாசல்களில் செய்து பார்த்தார். பின்னர் 1560களின் தொடக்கத்தில், இஸ்தான்புல்லின் கடைவீதியில் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலை எட்டுத் தாங்கிகளின் மீது, சலீமிய்யாவில் ஏறத்தாழப் பாதி அகலமுள்ள குவிமாடத்துடன் கட்டினார். சிறியதில் சோதித்து, குறைகளைக் கண்டு திருத்தி, உறுதி பெற்ற பின்னரே பெரியதில் கைவைத்தார். தொழில் தேர்ச்சி என்பது இவ்வாறே வருகிறது.

வெள்ளம் கற்பித்த பாடம்

இஸ்தான்புல் நகரம் அக்காலத்தில் பெருகிக்கொண்டே வந்தது. குடிநீர் போதவில்லை. நகருக்கு வெளியேயுள்ள காட்டுப்பகுதி ஊற்றுகளிலிருந்து நீரைக் கொண்டுவரும் திட்டத்தைச் சுல்தான் சினானிடம் ஒப்படைத்தார். நாற்பது ஊற்றுகள் என்ற பொருளில் கிர்க்செஷ்மே என்று பெயர் பெற்ற இத்திட்டத்தின் பணி 1554இல் தொடங்கியது. பள்ளத்தாக்குகளைக் கடப்பதற்குக் கல்லாலான நீர்ப்பாலங்கள் எழுப்பப்பட்டன. மேலேயுள்ள கால்வாயில் நீர் தானாகவே ஓடிவர வேண்டுமாயின், மிகச் சிறிய சரிவு பல கல் தொலைவிற்கும் பிசகாமல் இருக்க வேண்டும்.

வேலை நிறைவை நெருங்கியிருந்த 1563ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருமழை பெய்தது. வெள்ளம் பெருக்கெடுத்து நீர்ப்பாலங்களைத் தாக்கியது. மக்லோவா என்னுமிடத்துப் பெரும்பாலம் இடிந்தது. பல்லாண்டு உழைப்பும் அரசின் பெரும்பொருளும் வெள்ளத்தோடு போயின. எழுபது வயதைத் தாண்டியவருக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன வேண்டும்?

அவர் அவ்விடத்திலேயே பாலத்தை மீண்டும் கட்டினார். இம்முறை தூண்களின் அடிப்பாகம் அகன்றும், மேலே செல்லச்செல்லக் குறுகியும், வெள்ளத்தின் வேகத்தைப் பிளந்து தாங்கும் வகையில் அமைக்கப்பட்டது. 36 மீட்டர் உயரமும் 250 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட அப்பாலம் இன்றளவும் நிற்கிறது. நீர்ப்பொறியியல் அறிந்தோர் அதனை அவருடைய மிகச்சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதுகின்றனர். முதலில் கட்டிய பாலம் விழாதிருந்தால், இந்த இரண்டாவது பாலம் உருவாகியிருக்காது. தவறிய இடத்திலிருந்து ஓடிவிடாமல், அதே இடத்தில் நின்று ஏன் தவறியது என்று ஆராய்வதில்தான் அனுபவம் அறிவாக மாறுகிறது.

அதே ஆண்டுகளில் பூயுக்செக்மெஜே என்னுமிடத்தில், கடலை ஒட்டிய நீர்ப்பரப்பின் மீது 636 மீட்டர் நீளமுள்ள பாலத்தை அவர் கட்டினார். நீருக்குள் மரத்தால் பெரும்பெட்டிகள் போன்ற அடைப்புகளை இறக்கி, உள்ளிருந்த நீரை இறைத்து, மரக்கட்டைகளை அறைந்து, அதன்மீது அடித்தளம் எழுப்பினார். ஏரிக்கரையில் கப்பல் கட்டிய காலத்து அறிவும், புரூத் ஆற்றங்கரைச் சேற்றில் பெற்ற அறிவும் இங்கு அவருக்குக் கைகொடுத்திருக்கும். கற்றது எதுவும் வீண்போவதில்லை.

ஆயிரமாயிரம் கைகளை நடத்தியவர்

தாம் நன்றாகச் செய்வது வேறு, பிறரைக் கொண்டு செய்விப்பது வேறு. முன்னது தேர்ச்சி, பின்னது தலைமை. சினான் அவர்களிடம் இரண்டும் இருந்தன.

சுலைமானியாவின் கட்டுமானக் கணக்கேடுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. யார் யார், எந்த ஊரினர், என்ன தொழிலினர், எத்தனை நாள் வேலை செய்தனர், எவ்வளவு ஊதியம் பெற்றனர் என்பவை அவற்றில் வாரந்தோறும் எழுதப்பட்டுள்ளன. கல்தச்சர், கொத்தனார், மரத்தச்சர், கொல்லர், ஈயத்தகடு வேய்வோர், கண்ணாடி செய்வோர் எனப் பேரரசின் பல பகுதிகளிலிருந்தும் கைவினைஞர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்கள், பாதிப்பேர் கிறித்தவர்கள். படைப் பயிற்சியில் இருந்த இளைஞர்களும், கப்பல்களில் துடுப்பு வலித்த அடிமைகளும்கூட வேலையில் இருந்தனர். பெருந்தூண்களுள் ஒன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்தும், ஒன்று லெபனானின் பால்பெக்கிலிருந்தும் வந்தன. இரண்டு தலைநகரிலேயே கிடைத்தன. இத்தனை மொழியினரையும், இத்தனை தொழிலினரையும், இத்தனை தொலைவிலிருந்து வரும் பொருள்களையும் ஒரு நேரத்தில், ஓரிடத்தில் சேர்ப்பது எளிய செயலா? எழுதி வைத்த கணக்கும், வேலைப் பங்கீடும், காலத்தில் கொடுக்கும் கூலியும் இன்றி இது நடந்திருக்க முடியாது.

வேலை தாமதமானபோது பழிச்சொல்லும் வந்தது. குவிமாடம் நிற்காது என்றும், சினான் வேறு வேலைகளில் நேரத்தைப் போக்குகிறார் என்றும் சிலர் சுல்தானிடம் கூறினர். சுல்தான் ஒருநாள் சினந்த முகத்தோடு வேலைத்தளத்திற்கே வந்து, எப்போது முடியும் என்று வினவினார். இரண்டு மாதத்தில் முடியும் என்று சினான் விடையளித்தார். அதனைக் கேட்டோர் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று ஐயுற்றனர். அவரோ பழி கூறியவர்களோடு வாதிடுவதில் ஒரு நாளையும் செலவிடாமல், ஆட்களைத் திரட்டி, வேலையைப் பகிர்ந்து, சொன்ன தவணையில் முடித்துச் சாவியை ஒப்படைத்தார். சுல்தான் அச்சாவியை அவரிடமே திருப்பித் தந்து, பள்ளிவாசலைத் திறக்கும் சிறப்பை அவருக்கே அளித்தார். சினான் அவர்களின் வரலாற்றில் இது இவ்வாறு பதிவாகியுள்ளது.

தலைமைக் கட்டடக் கலைஞரின் கீழ் அரசக் கட்டடக் கலைஞர்களின் அமைப்பு ஒன்று இயங்கியது. இளைஞர்கள் அதில் சேர்ந்து, வேலைத்தளத்திலேயே கற்று, பின்னர் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டனர். தொலைவிலுள்ள ஊர்களின் வேலைகளுக்குச் சினான் வரைபடம் தந்து, மேற்பார்வையைத் தம் மாணவர்களிடம் விட்டார். எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தால், திமிஷ்க்கிலும் போஸ்னியாவிலும் அவர் பெயர் விளங்கும் கட்டடங்கள் எழுந்திருக்குமா?

போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் 1566இல் நிறைவுற்ற ஒற்றை வளைவுப் பாலத்தைக் கட்டியவர் அவருடைய மாணவர் ஹைருத்தீன். 1993ஆம் ஆண்டுப் போரில் அது தகர்க்கப்பட்டபோது உலகமே வருந்தியது. 2004இல் அது பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது. சினானுக்குப் பின் தலைமைப் பதவிக்கு வந்த தாவூத் ஆகா, அவரிடம் பயின்றவர். 1609 முதல் 1616 வரை, இன்று நீலப் பள்ளிவாசல் என்று அழைக்கப்படும் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலைக் கட்டிய முஹம்மது ஆகாவும் அவர் மரபில் வந்தவரே. தமக்குப் பின் ஆளில்லை என்ற நிலையை அவர் விட்டுச்செல்லவில்லை.

முன்னோர் மீது மதிப்பு, உறவோர் மீது பரிவு

அயா சோஃபியா 537ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 558இல் அதன் குவிமாடம் விழுந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. சினான் காலத்தில் அதன் சுவர்கள் தளர்ந்திருந்தன. சுற்றிலும் வீடுகள் ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. 1573ஆம் ஆண்டையொட்டி, அவ்வீடுகளை அகற்றி, தாங்குசுவர்கள் எழுப்பி, அக்கட்டடத்தை உறுதிப்படுத்தும் பணியைச் சினான் மேற்கொண்டார். எதனோடு ஒப்பிட்டுத் தம் கலை எடைபோடப்பட்டதோ, அந்தக் கட்டடத்தையே அவர் காத்து நின்றார். தமக்கு முன் செய்தவர்களின் வேலையைத் தாழ்த்தித் தம்மை உயர்த்திக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இல்லை.

சைப்ரஸ் தீவு வெற்றி கொள்ளப்பட்டபின், அனதோலியாவின் பல ஊர்க் குடும்பங்களை அங்குக் குடியேற்ற அரசு ஆணையிட்டது. சினானின் சொந்த ஊர்ப் பகுதியும் அதில் அடங்கியது. அப்போது அவர் தம் உறவினருக்காக முறையிட்டு, அவர்களுக்கு விலக்குப் பெற்றுத் தந்தார். பிறந்த ஊரை விட்டு அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும், மதம் மாறி, பெயர் மாறி, பேரரசின் உயர்ந்த இடத்தில் அமர்ந்த பின்னரும், சிற்றூரில் இருந்த உறவுகளை அவர் மறக்கவில்லை.

1588ஆம் ஆண்டில் சினான் அவர்கள் மறைந்தார். மூன்று சுல்தான்களின் காலத்தில் ஒரே பதவியில் இருந்தவர் அவர். சுலைமானியாவின் ஓரத்தில், தெருமுனையிலுள்ள ஒரு சிறு மூலையில், தாமே அமைத்த எளிய அடக்கத்தலத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளார். அதன் முனையில் வழிப்போக்கருக்கான தண்ணீர்ப்பந்தல் ஒன்று உண்டு. அரசர்களுக்கு விண்ணளாவக் கட்டியவர் தமக்கு எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவே. தம் சொத்துகளைச் சிறுவர் ஓதும் மக்தப் முதலிய நற்பணிகளுக்கு வக்ஃபு செய்து சென்றார். இன்று இஸ்தான்புல்லில் ஒரு பல்கலைக்கழகம் அவர் பெயரால் இயங்குகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

அன்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் நம் வாழ்விற்கு எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

கடை வைத்திருப்பவரும், பட்டறையில் வேலை செய்பவரும், அலுவலகத்தில் கணக்கு எழுதுபவரும், வளைகுடா நாட்டில் உழைப்பவரும், ஆண்டுக்கொரு முறையேனும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு நம் வேலையில் புதிதாக என்ன கற்றோம்? பத்தாண்டுகள் வேலை செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் பலர், உண்மையில் ஓராண்டு வேலையைப் பத்து முறை செய்தவர்களாக இருக்கின்றனர். சினான் அவர்களோ ஒவ்வொரு கட்டடத்தையும் அடுத்த கட்டடத்திற்கான பாடமாக்கிக்கொண்டார்.

பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வியாபாரமாயினும், பள்ளிக்கூடமாயினும், ஜமாஅத் நிர்வாகமாயினும், எல்லாச் சாவிகளையும் ஒருவரே வைத்திருந்தால் அவருக்குப் பின் பூட்டுத் திறவாது. இளைஞரிடம் சிறு பொறுப்பை ஒப்படையுங்கள். தவறினால் சினந்து விரட்டாமல், ஏன் தவறியது என்று அவரோடு அமர்ந்து பாருங்கள். கணக்கை எழுதி வையுங்கள். வேலை செய்தவருக்குக் கூலியை உரிய நேரத்தில் கொடுங்கள். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பேரரசின் அளவில் செய்து காட்டியவற்றை, நாம் ஓர் ஊரின் அளவில் செய்ய இயலாதா?

இளைஞர்களே! ஐம்பதில் தொடங்கி எண்பதில் சிகரம் ஏறியவரின் வரலாற்றைக் கேட்டீர்கள். உங்களுக்கு இருபதும் முப்பதுமே ஆகின்றன. உங்கள் முன்னுள்ள காலம் நீண்டது. கையிலுள்ள வேலை எத்துணைச் சிறியதாயினும் அதனைத் திருத்தமாகச் செய்யுங்கள். அளவு பிசகாத அந்தச் சிறு வேலையின் மீதே நாளைய பெரிய வேலை எழும்பி நிற்கும்.

பயனுள்ள கல்வியையும், சோர்வடையாத உழைப்பையும், பொறுப்பை நேர்மையாக நிறைவேற்றும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.